சூடாகும் கணினியை நீங்களே திறந்து சரிசெய்வது எப்படி?

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள். எங்கள் தெருவில் டிடிபி கடை வைத்திருக்கும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, காலையில நல்லாத்தான் ஓடுது. மத்தியானம் ரெண்டு மணி ஆனா தானா ஆஃப் ஆயிடுது. கொஞ்ச நேரம் சும்மா விட்டா மறுபடி ஓடுது. மதர்போர்டு போயிடுச்சு, புதுசா மாத்தணும்னு சொல்றாங்க."

போய்ப் பார்த்தேன். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, பிராசசர் மேலிருந்த ஃபேனை எடுத்தால், அடியில் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு கம்பளித் துண்டு. எல்லாம் தூசிதான். ஹீட் சிங்கின் தகடுகள் மேல் தோசை மாதிரி படிந்திருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் கிழியாமல் முழுசாக உரிந்து வந்தது. மதர்போர்டில் ஒரு குறையும் இல்லை. பாவம், அந்தக் கணினிக்கு மூச்சு முட்டியிருக்கிறது, அவ்வளவுதான். தூசி எடுத்து, பேஸ்ட் மாற்றி, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன்.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்தால் அதே வேலையை நீங்களே செய்யலாம். சோல்டரிங் தெரிய வேண்டாம். பொறுமையும், சொன்ன வரிசையை மாற்றாமல் செய்யும் பழக்கமும் போதும்.

இவ்வளவு தெரிந்தால் போதும்

பிராசசரில் உண்டாகும் சூடு தெர்மல் பேஸ்ட் வழியாக ஹீட் சிங்கிற்குப் போகிறது. ஹீட் சிங்கிலிருந்து ஃபேன் அதைக் காற்றில் தள்ளுகிறது. அந்தச் சூடான காற்று கேபினட்டை விட்டு வெளியே போக வேண்டும். பேஸ்ட், தகடு, ஃபேன், வெளியேறும் வழி. இந்த நாலில் ஒன்று அடைத்தாலும் மற்ற மூன்றும் வீண்.

இப்போதைய பிராசசர்கள் சூட்டில் எரிந்துபோவது அரிது. 2001ஆம் ஆண்டு டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தினர் ஓடிக்கொண்டிருந்த கணினிகளின் ஹீட் சிங்கைக் கழற்றிப் படம் பிடித்தார்கள். அப்போதைய ஏஎம்டி அத்லான் கருகிப்போனது. பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்று எல்லாப் பிராசசரும் இரண்டாம் வகைதான். இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸும், ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95 டிகிரியும் எல்லை. அதைத் தொட்டதும் வேகத்தைத் தானே குறைக்கும். அப்படியும் சூடு ஏறினால் கணினியையே அணைத்துவிடும்.

அதனால்தான் பலர் சூட்டைச் சூடென்று உணர்வதில்லை. "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு, ஸ்லோ ஆயிடுச்சு" என்று சொல்லிப் புதிது வாங்கிவிடுகிறார்கள். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளும். அதைச் சுற்றியிருக்கும் கெபாசிட்டர், சோல்டர் இணைப்பு, ஃபேன் பேரிங் ஆகியவற்றுக்கு அந்த வசதி கிடையாது. அவை சத்தமில்லாமல் ஆயுளை இழந்துகொண்டிருக்கும். நாம் செய்யப்போகும் வேலை முக்கியமாக அவற்றுக்காகத்தான்.

முதலில், கோளாறு சூட்டால்தானா என்று பாருங்கள்

திருப்புளியை எடுக்கும் முன் அளந்து பாருங்கள். அளக்காமல் திறந்தால், வேலை முடிந்தபின் பலன் கிடைத்ததா என்று சொல்ல வழியில்லை.

1. விண்டோஸ் என்றால் எச்டபிள்யூ மானிட்டர் அல்லது கோர் டெம்ப், இரண்டில் ஒன்றை நிறுவுங்கள். லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சார்ஸ். இவை எல்லாமே இலவசம்.
2. கணினியைப் போட்டுப் பத்து நிமிடம் ஒரு வேலையும் கொடுக்காமல் விடுங்கள். பிராசசரின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. சினிபெஞ்ச் போன்ற சோதனை நிரலைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். ஒரு பெரிய வீடியோவை மாற்றும் வேலை கொடுத்தாலும் சரி. உச்ச வெப்பநிலையைக் குறியுங்கள்.
4. அறையின் வெப்பநிலையையும் குறியுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அறை வெப்பம் ஏன்? ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியான காற்றைக் கொண்டுவர முடியாது. ஏசி போட்ட 24 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டும் பிராசசர், 36 டிகிரி அறையில் ஏறக்குறைய 82 காட்டும். கணினியில் எந்தக் கோளாறும் இல்லாமலே இது நடக்கும். ஆகவே ஜனவரியில் எடுத்த அளவையும் மே மாதத்தில் எடுத்ததையும் நேராக ஒப்பிடாதீர்கள். இரண்டிலும் அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

மேசைக் கணினி சும்மா இருக்கும்போதே 65 டிகிரிக்கு மேல் காட்டினாலோ, வேலை கொடுத்த சில விநாடிகளிலேயே 95ஐத் தொட்டாலோ திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்படிச் சட்டென்று ஏறினால் பெரும்பாலும் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட் சிங்க் சரியாக உட்கார்ந்திருக்காது. பத்து, பதினைந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால் தூசியும் காற்றோட்டமும் காரணமாக இருக்கும். லேப்டாப்கள் இயல்பாகவே கூடுதல் சூட்டில் ஓடுபவை. கடும் வேலையில் 90ஐ எட்டுவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

திறப்பதற்கு முன் இடத்தை மாற்றிப் பாருங்கள்

பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

நம் வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர் டேபிளில், கேபினட் வைக்கவென்றே கீழே கதவு போட்ட ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், பின்பக்கம் வெளியேறும் சூடான காற்று முன்பக்கம் சுற்றி வந்து அதே கேபினட்டுக்குள் போகும். கதவைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் கேபினட்டை வெளியே எடுத்து வையுங்கள். பின்பக்கம் சுவருக்கும் கேபினட்டுக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.

தூசி படியாமலிருக்கத் துணி உறை போடுகிறவர்கள் அணைத்தபின் போடுங்கள். ஓடும்போது போட்டால் போர்வைதான். லேப்டாப்பை மெத்தை மேலோ மடியில் தலையணை வைத்தோ ஓட விடாதீர்கள். காற்று உள்ளே போகும் துளைகள் பெரும்பாலான லேப்டாப்களில் அடியில் இருக்கின்றன. கடினமான பரீட்சை அட்டை ஒன்றை அடியில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

அடுப்படிக்குப் பக்கத்திலும், தினமும் சாம்பிராணி போடும் பூஜை இடத்துக்குப் பக்கத்திலும் கணினி வேண்டாம். எண்ணெய் ஆவியும் புகையும் தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். உலர்ந்த தூசி ஊதினால் பறக்கும். பிசுக்குத் தூசியைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

*குறிப்பு:* பல விண்டோஸ் லேப்டாப்களில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் பிராசசரின் அதிகபட்ச நிலை என்று ஓர் அமைப்பு உண்டு. அதை 100இலிருந்து 99 சதவீதமாக்கினால் டர்போ வேகம் நின்றுவிடும். வெப்பம் நன்றாகவே குறையும். தட்டச்சு, இணையம், கணக்கு வேலைக்கு வேகக்குறைவு பெரிதாகத் தெரியாது. சுத்தம் செய்ய நேரம் கிடைக்கும்வரை இது கைகொடுக்கும்.

வாங்கி வைக்க வேண்டியவை

நட்சத்திர முனை உள்ள நடுத்தரத் திருப்புளி ஒன்று. லேப்டாப்புக்குச் சின்னத் திருப்புளிகள் அடங்கிய செட். இரண்டு அங்குலப் பெயிண்ட் பிரஷ் ஒன்று, பழைய பல்துலக்கி ஒன்று. இரண்டும் நன்கு காய்ந்திருக்க வேண்டும். கையால் அமுக்கும் ரப்பர் ஊதி, அல்லது வேகம் குறைக்க வசதியுள்ள மின் ப்ளோயர். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி. ஒரு சிறு ஊசிக்குழாய் தெர்மல் பேஸ்ட். சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே ஒரே நடையில் கிடைத்துவிடும். பிற ஊர்களில் செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் கேளுங்கள். ஆல்கஹாலை "ஐபிஏ" என்று சொன்னால் புரியும்.

பேஸ்ட்டில் விலை கூடியதுதான் வேண்டும் என்பதில்லை. சாதாரணப் பேஸ்ட்டுக்கும் உயர்விலைப் பேஸ்ட்டுக்கும் வீட்டுக் கணினியில் சில டிகிரிதான் வித்தியாசம். "லிக்விட் மெட்டல்" என்று கொடுத்தால் மட்டும் வாங்காதீர்கள். அது மின்சாரம் கடத்தும்; அலுமினியத்தை அரித்துவிடும். பழக்கமில்லாத கைக்கு அது உகந்ததில்லை.

வேண்டவே வேண்டாதவை: கை கழுவும் சானிடைசர் (கிளிசரின் பிசுக்கு ஒட்டும்), நகப்பூச்சு நீக்கி (பிளாஸ்டிக்கைக் கரைக்கும்), பேஸ்ட்டுக்குப் பதிலாகப் பற்பசை (சில நாளில் காய்ந்து உதிரும்), ஃபேனுக்குத் தேங்காய் எண்ணெய் (பிசினாகிச் சுழற்சியையே நிறுத்தும்).

கை வைக்கும் முன் பாதுகாப்பு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. கணினியை முறையாக அணைத்து, சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்குங்கள். யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் அதிலிருந்தும் பிடுங்க வேண்டும். சுவரில் சுவிட்சை நிறுத்தினாலும் யுபிஎஸ் மின்சாரம் கொடுத்துக்கொண்டேயிருக்கும்.
2. பிளக் பிடுங்கியபின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் தங்கிய மின்னூட்டம் வடியும்.
3. உள்ளே கை விடும் முன்பும், இடையிடையேயும், கேபினட்டின் பெயிண்ட் அடிக்காத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்கிவிடும். ஏசி அறையிலும் நைலான் விரிப்பின் மேலும் இது கட்டாயம்.
4. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஸ்குரூவைத் திறக்கவே கூடாது. நம் 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் 325 வோல்ட் அளவு நேர்மின்சாரமாக மாறிப் பெரிய கெபாசிட்டரில் தேங்கும். பிளக்கைப் பிடுங்கியபிறகும் அது அங்கே இருக்கலாம். தூசியை வெளியிலிருந்து ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.
5. ஆல்கஹால் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி பக்கத்தில் இருக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.
6. மூக்கை மூடிக்கொள்ளுங்கள். பல வருடத் தூசி ஒரேயடியாகக் கிளம்பும். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது.

மேசைக் கணினியின் தூசி எடுத்தல்

1. கேபினட்டை மொட்டைமாடிக்கோ பால்கனிக்கோ தூக்கிச் செல்லுங்கள். நேர் வெயிலில் வைக்காதீர்கள்.
2. பின்பக்க வயர்களைக் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். உள்ளே திறந்ததும் இன்னொரு படம். பத்துப் படம் எடுத்தாலும் தப்பில்லை. மறுபடி மாட்டும்போது அருமை தெரியும்.
3. முன்னிருந்து பார்த்தால் பெரும்பாலும் இடதுபக்கத் தகடுதான் திறக்க வேண்டியது. பின்னால் இரண்டு ஸ்குரூ. அவற்றை ஒரு கிண்ணத்தில் போடுங்கள்.
4. முன்பக்கம் வலைத்தட்டு இருந்தால் கழற்றிக் கழுவி, முழுக்க உலர்ந்தபின் மாட்டுங்கள். தண்ணீர் படலாம் என்று இந்தக் கணினியில் சொல்லக்கூடிய ஒரே பாகம் அதுதான்.
5. உலர்ந்த பிரஷால் ஃபேன் இறக்கைகள், ஹீட் சிங்க் தகடுகள், கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றில் தூசியைத் தளர்த்துங்கள்.
6. ஊதும்போது ஒரு விரலால் ஃபேனைச் சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அது தன் அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும். மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தை மதர்போர்டுக்கு அனுப்பவும் கூடும்.
7. ப்ளோயர் என்றால் ஒன்றரை அடி தள்ளி, குறைந்த வேகத்தில். மேலிருந்து கீழாக ஊதுங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேனைக் கடைசியில் ஊதுங்கள்.
8. பல்லி, எறும்பு, கரப்பான் உள்ளே குடியிருந்ததா பாருங்கள். நம் ஊர்க் கணினிகளில் இது சாதாரணம். பல்லி எச்சமும் எறும்புக் கூட்டமும் மதர்போர்டின் மேல் இருந்தால் ஆல்கஹால் தொட்ட பல்துலக்கியால் மெதுவாகத் துடையுங்கள். பின்பக்கம் கார்டு செருகும் இடங்களில் தகடு விடுபட்டிருந்தால் மூடுங்கள். அந்த வழியாகத்தான் பல்லி வருகிறது.

*பலரும் செய்யும் தவறு:* கேபினட்டை பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய்க் காற்றடிப்பது. அந்தக் கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்திருக்கும். காற்றோடு சேர்ந்து துளித்துளியாக மதர்போர்டில் தெறிக்கும். அழுத்தமும் அதிகம். வீட்டு வேக்குவம் கிளீனரையும் உள்ளே விடாதீர்கள். அதன் பிளாஸ்டிக் முனையில் நிலைமின்சாரம் சேரும்.

*குறிப்பு:* காற்று எந்தப் பக்கம் போகிறது என்று சந்தேகமா? ஃபேனின் நடுவில் ஸ்டிக்கரும், அதைத் தாங்கும் கைகளும் தெரியும் பக்கமாகத்தான் பெரும்பாலான ஃபேன்களில் காற்று வெளியேறும். முன்பக்க ஃபேன் உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்க ஃபேன் வெளியே தள்ள வேண்டும். இரண்டுமே உள்ளே இழுக்கும்படி மாட்டிக் கொடுத்த கேபினட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தோடு மூடி, மறுபடி அளந்து பாருங்கள். வெப்பம் திருப்தியாகக் குறைந்துவிட்டால் பேஸ்ட்டைத் தொட வேண்டியதில்லை. நன்றாக இருக்கும் பேஸ்ட்டை வருடாவருடம் மாற்றுவதில் லாபம் இல்லை.

தெர்மல் பேஸ்ட் மாற்றுதல்

பிராசசரின் மூடியும் ஹீட் சிங்கின் அடியும் வழவழப்பாகத் தெரிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் நிறைந்தவை. பேஸ்ட் இல்லாவிட்டால் அந்தப் பள்ளங்களில் காற்று நிற்கும். காற்றைவிடப் பேஸ்ட் வெப்பத்தை நூறு மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்தும். ஆனால் உலோகம் அதைவிடப் பல மடங்கு மேல். ஆகவே பேஸ்ட் பள்ளத்தை நிரப்பினால் போதும், அடுக்காகத் தடிக்கக் கூடாது.

1. கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இளஞ்சூட்டில் பழைய பேஸ்ட் இளகும். பிறகு மேலே சொன்ன பாதுகாப்பு வரிசை முழுவதையும் மறுபடி செய்யுங்கள்.
2. ஃபேன் வயரை மதர்போர்டிலிருந்து எடுங்கள். அது மாட்டியிருந்த இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
3. ஹீட் சிங்கைக் கழற்றுங்கள். இன்டெல் பெட்டியோடு வரும் ஹீட் சிங்கிற்கு நாலு கறுப்பு ஊக்குகள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அம்பு. அம்பு காட்டும் திசையில் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் விடுபடும். ஸ்குரூ வகை என்றால் எதிரெதிர் மூலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.
4. ஒட்டிக்கொண்டிருந்தால் நேராக மேலே இழுக்காதீர்கள். இடமும் வலமுமாக மெல்லத் திருகி, வழுக்கி எடுங்கள்.

நாலாவது படியை நான் என் கைப்பிழையில் கற்றேன். ஏஎம்டியின் ஏஎம்4 வகையில் ஊசிக்கால்கள் பிராசசரின் அடியில் இருக்கும். குளிர்ந்து கிடந்த கணினியில் ஹீட் சிங்கை வெடுக்கென்று இழுத்தேன். காய்ந்த பேஸ்ட்டின் பிடியில் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. ஓர் ஓரத்தில் ஏழெட்டுக் கால்கள் வளைந்திருந்தன. பூதக்கண்ணாடியும் காலி மைக்ரோடிப் பென்சிலின் முனையும் வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்த ஒரு மாலை முழுக்கப் போனது. அந்த முறை பிழைத்துக்கொண்டேன்.

5. பழைய பேஸ்ட்டை முதலில் உலர்ந்த துணியால் வழித்தெடுங்கள். காய்ந்திருந்தால் சுண்ணாம்புப் பொடி மாதிரி உதிரும். பிறகு ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு பரப்பையும் உலோகம் பளிச்சிடும்வரை துடையுங்கள். துணியில்தான் ஆல்கஹால், பிராசசர் மேல் ஊற்றக் கூடாது. கத்தி, உப்புத்தாள் எதுவும் வேண்டாம்.
6. இரண்டு நிமிடம் உலர விடுங்கள். துடைத்த பரப்பை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் ஒட்டும்.
7. பிராசசரின் நடுவில் பச்சைப் பட்டாணியில் பாதி அளவுக்குப் பேஸ்ட் வையுங்கள். செவ்வக வடிவில் நீண்ட புதிய பிராசசர் என்றால் நீளவாக்கில் மெல்லிய கோடாக வைக்கலாம். தடவிப் பரப்ப வேண்டாம், ஹீட் சிங்கின் அழுத்தமே பரப்பிவிடும்.
8. ஹீட் சிங்கை நேராக இறக்குங்கள். வைத்தபின் தூக்கிப் பார்க்காதீர்கள். தூக்கினால் காற்றுக்குமிழி நுழையும். தூக்கிவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி ஏழாம் படியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.
9. ஊக்கு வகையில் நாலு தலைகளையும் பழைய நிலைக்குத் திருப்பியபின், எதிரெதிர் மூலைகளாக "டிக்" சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். ஸ்குரூ வகையில் மூலைக்கு மூலை மாறி மாறி, இரண்டு சுற்று வீதம் இறுக்குங்கள். ஒரே மூலையை முழுசாக இறுக்கினால் ஹீட் சிங்க் சாய்ந்து மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.
10. ஹீட் சிங்கைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடக் கூடாது. நாலு ஊக்கில் ஒன்று பிடிக்காமல் விட்டிருந்தால் இங்கே தெரிந்துவிடும். பேஸ்ட் மாற்றியபின் சூடு முன்னைவிடக் கூடிவிட்டதென்று என்னிடம் வந்த கணினிகளில் பெரும்பாலும் இதுதான் காரணம்.
11. ஃபேன் வயரை மறக்காமல் மாட்டுங்கள். மூடும் முன் ஒருமுறை கணினியைப் போட்டு ஃபேன் சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள். சுற்றவில்லை என்றால் உடனே அணையுங்கள்.

லேப்டாப் என்றால்

வேலை இதேதான், இடம்தான் நெருக்கடி. அடித்தகட்டைத் திறந்ததும் முதல் வேலை, பேட்டரியின் இணைப்பை மதர்போர்டிலிருந்து கழற்றுவது. வேறு எதையும் அதற்கு முன் தொடாதீர்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டச்பேட் மேலெழும்பியிருப்பது, அடித்தகடு சரியாக மூடாமல் பிளந்திருப்பது இதற்கான அடையாளங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்துவதோ நெம்புவதோ குத்துவதோ தீயில் முடியும். அதைச் சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்.

லேப்டாப் ஸ்குரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த ஸ்குரூவை அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீள ஸ்குரூவைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கினால் மேலே கீபோர்டையோ மதர்போர்டையோ துளைத்துவிடும். தகட்டைப் பிரிக்க இரும்பு வேண்டாம், பயன்படாத பிளாஸ்டிக் ஏடிஎம் கார்டு போதும்.

ஹீட் சிங்கின் ஸ்குரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருக்கும். மாட்டும்போது அந்த வரிசையில், கழற்றும்போது தலைகீழ் வரிசையில். பிராசசரைச் சுற்றிச் சின்னச் சில்லுகளின் மேல் சாம்பலோ இளநீலமோ ஆன ரப்பர் மாதிரித் துண்டுகள் இருந்தால் அவை தெர்மல் பேட். கிழியாமல் அப்படியே விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் பேஸ்ட் தடவினால் இடைவெளி நிரம்பாது. கிழிந்துவிட்டால் அதே தடிமனில் புதிது வாங்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட் சிங்க் பிராசசரில் உட்காராது.

ஃபேனுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில் பாருங்கள். வெளியிலிருந்து ஊதினால் போகாத தூசிப் பட்டை அங்கேதான் இருக்கும். ஃபேனின் மூடியைக் கழற்றினால் ஒரே இழுப்பில் வந்துவிடும்.

திறந்ததுதான் திறந்தீர்கள், கெபாசிட்டரையும் பாருங்கள்

மின்னணுப் பொருள்களின் ஆயுளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சில்லுகளைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் முதலில் போவது ஃபேன், அடுத்து கெபாசிட்டர்.

மதர்போர்டில் பிராசசரைச் சுற்றிக் குட்டி டப்பாக்கள் மாதிரி நிற்பவை கெபாசிட்டர்கள். எலக்ட்ரோலைட்டிக் வகையின் உள்ளே ஒரு திரவம் இருக்கும். சூட்டில் அது மெல்ல ஆவியாகும். அதன் உடலிலேயே "105 டிகிரி" என்று அச்சிட்டிருக்கும். தயாரிப்பாளர் அந்த வெப்பநிலையில் 2,000 மணி நேரம் என்று ஆயுள் கொடுத்திருக்கலாம். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரு மடங்காகும் என்பது துறையில் வழங்கும் கணக்கு. அதன்படி 75 டிகிரியில் 16,000 மணி நேரம். 65 டிகிரியில் 32,000 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம் ஓடும் கணினிக்கு முதலாவது ஐந்தரை வருடம், இரண்டாவது கிட்டத்தட்ட பதினொன்று. கேபினட்டுக்குள் வெறும் 10 டிகிரியைக் குறைப்பதில் இவ்வளவு இருக்கிறது.

டப்பாவின் தலை தட்டையாக இருக்க வேண்டும். அப்பளம் மாதிரி உப்பியிருந்தாலோ, அடியில் பழுப்புக் கறை கசிந்திருந்தாலோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். 2000களின் தொடக்கத்தில் குறைபாடுள்ள திரவம் நிரப்பிய கெபாசிட்டர்கள் சந்தையில் பெருகி, உலகெங்கும் மதர்போர்டுகள் இப்படி வரிசையாக விழுந்தன. அந்தக் காலத்துக் கணினியை இன்னும் வைத்திருப்பவர்கள் திறந்தால் அநேகமாக ஒன்றாவது உப்பியிருக்கக் காண்பார்கள். இப்போதைய போர்டுகளில் பிராசசருக்குப் பக்கத்தில் திரவமில்லாத திண்ம வகை வந்துவிட்டது, அவை நீடித்து உழைக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலும் மானிட்டரிலும் டிவியிலும் பழைய வகை இன்னும் நிறையவே இருக்கிறது.

சூடு கெடுக்கும் இன்னொரு இடம் சோல்டர் இணைப்பு. இங்கே உச்ச வெப்பத்தைவிட, சூடாவதும் ஆறுவதும் மாறி மாறி நடப்பதுதான் ஆபத்து. ஒவ்வொரு முறையும் உலோகம் விரிந்து சுருங்கும். ஆயிரம் முறை நடந்தால் மயிரிழை விரிசல் விழும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவி 2005 நவம்பரில் வந்தது. முகப்பில் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போகும் கோளாறுக்காக 2007 ஜூலையில் மூன்று வருட உத்தரவாதம் அறிவித்து, நூறு கோடி டாலருக்கு மேல் அதற்கென ஒதுக்க வேண்டியிருந்தது. அடுத்த வருடமே என்விடியா, லேப்டாப் கிராஃபிக்ஸ் சில்லுகளில் இதேபோன்ற இணைப்புக் கோளாறுக்காகப் பதினைந்து முதல் இருபது கோடி டாலர் ஒதுக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனங்களையே தடுமாற வைத்த சங்கதி இது.

*எச்சரிக்கை:* கிராஃபிக்ஸ் சில்லை ஹேர் டிரையரால் சூடாக்கினால் சரியாகிவிடும், அவனில் வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில நாளோ சில வாரமோ ஓடிவிட்டு மறுபடி போகும். அதற்குள் பக்கத்துக் கெபாசிட்டர்களையும் பொசுக்கியிருப்பீர்கள். சமையல் அவனில் வைத்தால் போர்டிலிருந்து எழும் நச்சுப்புகை, உணவு சமைக்கும் இடத்திலேயே படியும்.

ஹார்டு டிஸ்க் பற்றி ஒரு வார்த்தை. அதற்கும் தனி ஃபேன் வேண்டுமோ என்று பலர் கேட்கிறார்கள். கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான சூட்டுக்கும் டிஸ்க் கெடுவதற்கும் எதிர்பார்த்த அளவுக்குத் தொடர்பு இல்லை என்று கண்டார்கள். 45 டிகிரிக்குள் இருந்தால் அதை மறந்துவிட்டு, தரவுக்கு இன்னொரு பிரதி எடுத்து வைப்பதில் அந்த அக்கறையைக் காட்டுங்கள்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

இவற்றில் எது நடந்தாலும் மேலே போகாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்: கருகிய வாடை, மதர்போர்டில் கறுப்புத் திட்டு, உப்பிய கெபாசிட்டர், உப்பிய பேட்டரி, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சத்தம், பேஸ்ட்டும் தூசியும் பார்த்தபின்னும் அடங்காத சூடு. உத்தரவாதக் காலம் முடியாத கணினியையும் நீங்கள் திறக்க வேண்டாம். முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள்.

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். சும்மா இருக்கையில் இத்தனை, வேலையில் இத்தனை, அறையில் இத்தனை என்று மூன்று எண்களைச் சொல்லுங்கள். என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்றும் சொல்லுங்கள். "மதர்போர்டு போச்சு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட முடியாது. எந்தப் பாகம், எப்படித் தெரிந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மூடும் முன் ஒரு துண்டுச்சீட்டு

பக்கத் தகட்டின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள். தேதி, அறை வெப்பம், சும்மா இருக்கும்போது எவ்வளவு, உச்சத்தில் எவ்வளவு, பேஸ்ட் மாற்றினீர்களா, எந்தப் பேஸ்ட். ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி போதும். தூசி எடுப்பதை வருடத்துக்கு இருமுறை, மாசி கடைசியிலும் ஐப்பசி மழைக்கு முன்பும் வைத்துக்கொள்ளலாம். கடலோர ஊர்களில் உப்புக்காற்றின் ஈரம் தூசியோடு ஒட்டி உலோகத்தை அரிக்கும். அங்கே நாலு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அடுத்தமுறை அறை வெப்பம் கழித்த எண் சீட்டில் உள்ளதைவிட 10 டிகிரி கூடியிருந்தால் பேஸ்ட் மாற்றும் முறை வந்துவிட்டது.

டிடிபி கடை அக்காவின் கணினியில் அந்தச் சீட்டில் இப்போது ஆறு வரி ஏறியிருக்கிறது. கடைசி இரண்டும் அவர் கையெழுத்து.